விஷத்தில் நீந்திய புழுக்கள்

மகுடேஸ்வரனின் அலுவலகத்துக்குப் படியேறி வந்த தெய்வாத்தாளைப் பார்த்ததும், கீழே பேக்கரியில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டார்கள். தலையில் தலையணை பருமனுக்கு ஒரு கட்டு. இடது கையில் மாவுக்கட்டு. வலது புறங்கையில் டிரிப்ஸ் ஊசி இன்னும் ஒட்டிக்கொண்டே இருந்தது. நினைவு திரும்பியதும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து, தடுத்த நர்ஸை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, நேராக டவுன் பஸ் ஏறி வந்திருந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லையாம். அந்த முகத்தைப் பார்த்தால் எமனே பாஸ் கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து விட்டிருப்பான்.

"தம்பி, எம்பட புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க" என்றார். உட்காரவில்லை. "வெள்ளிக்கிழமை காத்தால. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்த போலீசுகிட்டக் கேட்டா, புள்ளை யாரு கூடவோ ஓடிப்போயிருக்கும்கறாங்க. ஓடிப் போறவ ஆத்தா மண்டையை ஒடச்சுப் போட்டா போவா?"

திருப்பூரில் துப்பறிவாளருக்கு வாய்க்கும் வேலை பெரும்பாலும் டிசைன் திருடனைப் பிடிப்பதுதான். அதில் மகுடேஸ்வரன் புலி. ரத்தம், கடத்தல் என்று ஒரு வழக்கு வந்து நாளாகிவிட்டதால் அவருடைய மீசை தானாகவே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. எதிர் நாற்காலியில் உதவியாளர் நதியா. நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் வருஷக்கணக்காக நின்று, துணியைத் தொட்டாலே அதன் ஜாதகத்தைச் சொல்கிறவள். வாய் ஓவர்லாக் மெஷின். கரண்ட் போனால்தான் நிற்கும்.

"உங்க பொண்ணு என்ன வேலை பாக்காங்க?" என்றாள் நதியா.

"கிருமி வளக்கறா கண்ணு."

"கோழி வளக்கவங்களைப் பாத்திருக்கேன், ஆடு வளக்கவங்களையும் பாத்திருக்கேன். கிருமியை எங்க ஊர்ல யாரும் வளக்க மாட்டாவ. அதுவா வளரும்."

"இது மருந்து திங்கற கிருமி. காட்டுக்கு அடிக்கற பூச்சி மருந்து மண்ணுலயே தங்கிப் போகுதில்ல, அதைத் தின்னு தீத்துப்போடும். எங்கூட்டுக்காரரு இருந்தப்ப பருத்திக்கு மருந்தடிச்சுப்போட்டு, ஸ்பிரேயரக் கெணத்து மேட்டு மூலையிலதான் கழுவுவாரு. முப்பது வருசமா அதே மூலை. அங்க புல்லு மொளைக்காது. அந்த மண்ணுலதான் அது இருக்குதுன்னு எம்பட யாழினி கண்டுபுடிச்சா. வேற சோறே போடாம மருந்தையே ஊத்திக்கிட்டிருந்தா, அதையே சோறாத் திங்கப் பழகிக்கிச்சாம்."

"அது தின்னு முடிச்சுதான்னு எப்படிங்கக்கா தெரியும்? ஏப்பம் விடுமா?" என்றார் மகுடேஸ்வரன்.

"கொசுப்புழுங்க. ஒரு டம்ளர்ல மருந்துத் தண்ணி ஊத்தி, அதுல கிருமியக் கலந்து வெச்சுருவா. நாலு நாள் போனதும் கொசுப்புழுவை உடுவா. புழு செத்துச்சுன்னா மருந்து இன்னும் இருக்குது. துள்ளி வெளையாடுச்சுன்னா தீந்துபோச்சு. எங்கூட்ல டம்ளரு பூராம் கொசுப்புழுதான். பொண்ணு பாக்க வந்தவங்க காபி வேண்டாம்னு எந்திரிச்சு ஓடிட்டாங்க."

யாழினியின் ஷெட் முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மினி லாரி வந்து நின்றது. இறங்கியவர்கள் ஷெட்டில் இருந்த கண்ணாடிக் குடுவைகளை இரும்புக் கம்பியால் உடைத்தார்கள். குறுக்கே பாய்ந்த தெய்வாத்தாளின் கையை உடைத்தார்கள். அப்புறம் மண்டையை. ஆனால் அதற்கு முன்னால், கிருமி வளரும் பானையைக் கிளறும் மரத்துடுப்பால் அவர்களில் மலை மாதிரி இருந்த ஒருவனின் வாயில் தெய்வாத்தாள் வைத்த வைப்பில், முன்பற்கள் இரண்டும் தெறித்துத் தகரக் கூரையில் போய் டங் டங்கென்று மோதின. பல்லடத்தில் கோயில் மணி என்று நினைத்து யாராவது கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

"யாரு மேலங்கக்கா சந்தேகம்?"

"வேற யாரு. உடுமலையில உரக்கடை வெச்சிருக்கற தரணீதரன். 'உன்ற கிருமி என் கடை மருந்தையெல்லாம் திங்குது, ஒரு நாளைக்கு உன்னையே மருந்து டிரம்முல முக்கி எடுப்பேன்'னு சந்தையில வெச்சு எம்பட புள்ளகிட்டச் சொன்னவன்."

"அவரு இல்லீங்க" என்றார் மகுடேஸ்வரன், நிதானமாக.

தெய்வாத்தாள் மாவுக்கட்டுக் கையை ஒரு மாதிரி தூக்கினார். மகுடேஸ்வரன் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே தொடர்ந்தார். "குடுவையை ஒடச்சானுங்க, சரி. என்னென்ன எடுத்துட்டுப் போனானுங்க?"

"புள்ளைய. கிருமிப் பானையை. அப்புறம் மூட்டை மூட்டையா நாட்டுச் சர்க்கரை இருந்துச்சு, அதையும் லாரில ஏத்துனானுங்க."

"சர்க்கரை எதுக்கு?"

"அதாங்க கிருமிக்குத் தீனி. மொதல்ல சர்க்கரையில பெருக உட்டு, அப்புறந்தான் மருந்து திங்க உடுவா."

"பாத்தீங்களா. மாட்டைக் கொல்ல வந்தவன் வைக்கப்போரையும் சேத்துத் தூக்கிட்டுப் போவானா? தீனியைத் தூக்கினவன் வளக்கப் போறான். தரணீதரனுக்கு அந்தக் கிருமி அழியணும். இவனுக்கு அது பெருகணும். ஆளு வேற." மகுடேஸ்வரன் தன் சாமர்த்தியத்தில் தானே சொக்கிப்போய் மீசையைத் தடவினார். தடவிய கை சட்டென்று நின்றது. "பானை தயாராக எத்தனை நாள் ஆகுங்க?"

"நாலஞ்சு நாள்ல நுரை கட்டிப் பொங்கும். ஒரு தடவை பொங்கிருச்சுன்னா அப்புறம் யாரு வேணாலும் சர்க்கரையைக் கரைச்சு ஊத்திப் பெருக்கிக்கலாமுங்க."

இன்று செவ்வாய்க்கிழமை. மூன்று பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள். பானை பொங்கும் வரைக்கும்தான் யாழினியின் உயிர்.

தெய்வாத்தாள் வலது கையில் சுருட்டி வைத்திருந்த துணிக் கீற்றை மேசையில் போட்டார். "இதுலதான் எம்பட வாயைக் கட்டுனானுங்க."

கிளிப்பச்சையில் கத்தரிப்பூ நிற வரி. நதியா அதை விரலால் நீவினாள். முகத்தைச் சுளித்தாள்.

"இந்த எழவு கலரை எனக்கு நல்லாத் தெரியும் அண்ணாச்சி. வேலம்பாளையத்துல நான் இருந்த கம்பெனியில ஓடின லாட்டு. டையிங்ல ஷேடு பிசகி மொத்தமா ரிஜெக்ட் ஆயிட்டு. வெளிநாட்டுக்காரன் போட்டோவைப் பாத்துட்டே ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டான்னா பாத்துக்கிடுங்க. அம்புட்டும் மாரக்காள் குடோனுக்குத்தான் வேஸ்டா போச்சு. இது அங்க கிழிச்ச கீத்துதான்."

*

மாரக்காளின் குடோன் என்பது பனியன் வேஸ்டால் ஆன ஒரு மலைத்தொடர். வெள்ளைக்கு ஒரு குன்று, கறுப்புக்கு ஒரு குன்று, கலர் எல்லாம் கலந்து ஓர் ஆனைமலை. அதன் உச்சியில் உட்கார்ந்து மாரக்காள் துணி பிரித்துக்கொண்டிருந்தாள். தெய்வாத்தாளை வேனை விட்டு இறங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டுத்தான் மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள்.

"கிளிப்பச்சைங்களா? அதை எவனும் தொட மாட்டேங்கறானுங்க" என்றாள் மாரக்காள். "உடுமலைப் பக்கத்துத் தோப்புக்கு ஒருத்தன் மட்டும் வாரா வாரம் வந்து அள்ளிட்டுப் போவான். தென்னைக்கு வேர்ல மருந்து கட்டுவாங்கல்லங்க, அந்த மரத்துல அடையாளமாக் கட்டறதுக்காம். மருந்து கட்டுன மரத்துல ஒண்ணரை மாசத்துக்கு எளநி எறக்கக் கூடாதில்லீங்களா. இந்தக் கலரைச் சுத்தி உட்டா கண்ணு தெரியாதவனும் அந்த மரத்துல ஏற மாட்டான்."

"எப்ப வருவான்?"

"செவ்வாய்க்கிழமை." மாரக்காள் வாசலைப் பார்த்தாள். "அதோ வந்துட்டானே. மொக்கைச்சாமி, உனக்கு ஆயுசு நூறு."

வாசலில் மினி லாரி நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கியவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். உயரம் ஆறரை அடி என்றால் அகலம் ஏழு அடி. சிரிக்க வாயைத் திறந்தான். முன்பற்கள் இரண்டும் இல்லை.

"ஏ அண்ணாச்சி" என்று நதியா மெல்லச் சொன்னாள். "தகரக் கூரையில பறந்த பல்லோட பாக்கி இதுதான்."

மொக்கைச்சாமியின் பார்வை அவள் கையிலிருந்த கீற்றில் விழுந்தது. சிரிப்பு மூடியது. கட்டி வைத்த துணி பேல்களைத் தூக்கும் இரும்புக் கொக்கியைச் சுவரிலிருந்து பிடுங்கி ஒரு வீசு வீசினான். கொக்கி மகுடேஸ்வரனின் சட்டையைத் துளைத்து, தோளில் ஒரு பிடி சதையையும் எடுத்துக்கொண்டு, பின்னால் இருந்த பேலில் போய்ச் சொருகியது. மாட்டிய சட்டையோடு அவர் தொங்க, அந்த வயிற்றில் மொக்கைச்சாமி ஒரு குத்து விட்டான். காலையில் தின்ற இட்லி மட்டுமல்ல, போன தீபாவளிக்குத் தின்ற அதிரசமே வெளியே வரும்போல இருந்தது மகுடேஸ்வரனுக்கு. இரண்டாவது குத்து மூக்கில். மூக்கு இடப்பக்கம் சாய்ந்து அங்கேயே குடியேறியது.

நதியா சும்மா இருக்கவில்லை. தராசில் கிடந்த எடைக்கல்லைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டாள். மொக்கைச்சாமி ஊளையிட்டான். வலியில் ஒரு முழு பேலையே கட்டிப் பிடித்துத் தூக்கி அவள் மேல் எறிந்தான். மலை சரிந்தது. மாரக்காள் உச்சியிலிருந்து துணியோடு துணியாகச் சறுக்கி வந்து வாசலில் இறங்கினாள். எல்லோரும் தோண்டி எடுக்கப்பட்டபோது மினி லாரி தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"பல்லு போனவன் அவன்தானுங்க தம்பி" என்று வேனிலிருந்து தெய்வாத்தாள் கத்தினார். "நான் ஒடச்ச பல்லுதான் அது. உடாதீங்க."

மகுடேஸ்வரன் மூக்கை நேராகத் திருகி வைத்துக்கொண்டு வேனைக் கிளப்பினார். "இப்ப அவன் போயி முதலாளிகிட்டச் சொல்லப் போறான். பானை பொங்கினாலும் பொங்காட்டியும் இனி அவனுங்க காத்திருக்க மாட்டானுங்க."

*

அந்த வேனின் வேகத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. பல்லடத்தைத் தாண்டும்போது சக்கரம் மூன்றுதான் தரையில் இருந்தது. குடிமங்கலத்தில் காற்றாலைகள் எல்லாம் இவர்கள் போன காற்றில் எதிர்ப்பக்கமாகச் சுற்றின. இருந்தும் உடுமலைக்கு முன்னால் ஒரு மண்பாதைப் பிரிவில் மினி லாரி மாயமாகிவிட்டது.

பாதையோரம் ஒருவர் மண்வெட்டியோடு நின்று தன் தென்னைகளை முறைத்துக்கொண்டிருந்தார். பெயர் மணியன் என்றார்.

"முன்னம்பல்லு இல்லாத ஆளு, மினி லாரி" என்றார் மகுடேஸ்வரன்.

"மொக்கைச்சாமிங்களா. பக்கத்துத் தோப்புதானுங்க. நம்ம உரக்கடைத் தரணியோட தோப்பு."

தெய்வாத்தாள் மகுடேஸ்வரனின் பிடரியையே பார்த்தார். நதியா வாயைத் திறந்தாள். "மாட்டைக் கொல்ல வந்தவன் வைக்கப்போரைத் தூக்க மாட்டான்னீங்க அண்ணாச்சி. இவன் வைக்கப்போரையும் தூக்கியிருக்கான், உங்க மானத்தையும் தூக்கியிருக்கான்."

வாழ்க்கையில் முதல் முறையாக மகுடேஸ்வரனின் மீசை தொங்கியது. மணியன் அதையெல்லாம் கவனிக்காமல் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

"தரணியப் பாத்தீங்கன்னா ஒண்ணு கேளுங்க. வேர்ப்புழுவுக்குன்னு அவரு கடையில குருணை மருந்து வாங்கி மண்ணுல போட்டேனுங்க. கேக்கல. மறுபடி போட்டேன், கேக்கல. மூணாந்தடவையும் போட்டாச்சு. டூப்ளிகேட்டுன்னு சந்தேகப்பட்டு டெஸ்ட்டுக்கே குடுத்தேன். சுத்தமான மருந்துதான்னு ரிசல்ட்டு வந்துச்சு. இந்தச் சுத்துல எல்லாத்துக்கும் இதே கதிதானுங்க. ஆனா பாவம், தரணி நல்ல மனுசன். ஒவ்வொரு மூட்டைக்கும் மண்ணுல ஊத்தறதுக்கு ஒரு கேன் டானிக் சும்மாவே குடுக்கறாரு."

மகுடேஸ்வரனின் மீசை ஒரு பக்கம் மட்டும் எழுந்தது. "அந்த டானிக் என்ன வாசம்ங்க வரும்?"

"சர்க்கரைப் பாகு வாசம்."

மறு பக்கமும் எழுந்தது. மகுடேஸ்வரன் உடைந்த மூக்கோடு சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்க ரத்தம் வந்தது, அப்படியும் நிறுத்தவில்லை. பிறகு மணியனிடம், "போலீஸுக்கு ஒரு போன் போட்டு, தரணி தோப்புல கொலை நடக்குதுன்னு சொல்லுங்க" என்றார்.

"நடக்குதுங்களா?"

"அவங்க வர்றதுக்குள்ள நடந்துரும்."

*

தோப்பு முழுக்கக் கிளிப்பச்சை. மரத்துக்கு மரம் இடுப்பில் கீற்றைக் கட்டிக்கொண்டு, ரிஜெக்ட் ஆன பனியன் போட்ட பட்டாளம் மாதிரி நின்றன தென்னைகள். ஒவ்வொன்றின் அடியிலும் வேர் நுனியில் மருந்துப் பை கட்டியிருந்தது. நடுவில் ஒரு மோட்டார் ரூம், கதவில் பூட்டு. சுவரை ஒட்டி ஒரு நீல டிரம். கொஞ்சம் தள்ளி மர நிழலில் இன்னொரு நீல டிரம். இரண்டிலும் மண்டையோடு படம். பிளாஸ்டிக் நாற்காலியில் தரணீதரன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஒரு கொலையை முடித்துவிட்டுப் போக வந்தவர் மாதிரி இருந்தார். அருகில் மொக்கைச்சாமி, நொண்டிக்கொண்டு. கையில் அரிவாள். இன்னொரு தோப்பு ஆள் நதியாவின் பின்னால் வந்து அவள் கழுத்தில் கயிற்றுச் சுருக்கை மாட்டினான்.

"வாங்க, வாங்க" என்றார் தரணீதரன். "மொக்கை சொன்னான். ஏனுங்க, துப்பறியறவரே, மருந்து விக்கறவன் ஊட்ல வந்து மருந்து திங்கற கிருமியத் தேடறீங்களே. அது இருந்தா எனக்கு நட்டமில்லீங்களா?"

"நானும் அப்படித்தானுங்க நெனச்சு அசிங்கப்பட்டேன்." மகுடேஸ்வரன் பேசிக்கொண்டே நகர்ந்து சுவரோரத்து டிரம்மின் பக்கம் வந்திருந்தார். சுவரில் டிரம்முக்கு நேர் மேலே, பழைய குழாய் போன ஒரு ஓட்டை. ஓட்டையிலிருந்து பழுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. குனிந்து டிரம்முக்குள் பார்த்தார். ஒரே ஒரு கணம்தான். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. பயத்தில் என்று மொக்கைச்சாமி நினைத்தான். பயமில்லை, சிரிப்பை அடக்கியது.

"இது எப்பக் கலக்குனதுங்க?"

"வெள்ளிக்கிழமை. நெழல்ல இருக்கறது இன்னைக்குக் காத்தால கலக்குனது. உங்களுக்கு எதுக்கு?"

"சும்மா. ஊரு பூராத்துக்கும் மண்ணுல போடற குருணையை விக்கறீங்க. உங்க மரத்துக்கு மட்டும் மண்ணைத் தொடாம வேர்லயே பை கட்டறீங்க. ஏன்னா இந்த மண்ணுல போட்ட மருந்து நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். நிக்க உடாமப் பண்ணினதே நீங்கதானே. மருந்தை வெலைக்கு வித்துப்போட்டு, அதைத் திங்கற கிருமிய டானிக்னு சொல்லிச் சும்மாக் குடுத்தீங்க. மண்ணு தின்னுச்சு. புழு நின்னுச்சு. விவசாயி மறுபடி மறுபடி உங்க கடைக்கே வந்தான். சந்தையில போயித் திட்டுனதும் வேசம்தான். யாழினிகிட்ட ஆள் வெச்சு வாங்கிட்டிருந்தீங்க. அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சு போச்சு, குடுக்க மாட்டேன்னுருச்சு. அதனால பானையைத் தூக்கினீங்க. தீனியைத் தூக்கினீங்க. மேய்க்கறவளையும் தூக்கினீங்க."

தரணீதரன் கை தட்டினார். "நல்லாப் பேசறீங்க. ஆனா கொஞ்சம் லேட்டு. பானை காத்தாலயே பொங்கிருச்சு. மேய்க்கறவ இனித் தேவையில்ல. உங்களோட சேத்து முடிச்சுப் போடலாம். மொக்கை, கழுத்தைச் சீவு."

"சீவுங்க" என்றார் மகுடேஸ்வரன். "வெட்டுக் காயத்தோட பொணம் கெடைச்சா போலீசு தோண்டித் தோண்டித் துருவும். உங்களுக்குப் பொழுது போகும்."

தரணீதரன் யோசித்தார். "மருந்துல முக்கிப்போடு. தோப்பைச் சுத்திப் பாக்க வந்த ஆளு தவறி உழுந்துட்டாரு."

மொக்கைச்சாமி அவரைத் தூக்கிக்கொண்டு மர நிழலில் இருந்த புது டிரம்மை நோக்கி நடந்தான். கண்ணை எரிக்கும் நெடி அங்கிருந்தே வந்தது. மகுடேஸ்வரன் திடீரென்று கால்களை உதறிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"முதலாளி, உங்க காலைப் புடிக்கறேன். இதுலயே முக்குங்க. அந்தச் செவுத்தோரத்து டிரம்மு மட்டும் வேண்டாமுங்க. நாலு நாளாப் புளிச்சுக் கெடக்குது. அதோட நாத்தத்துல என் ஆவிகூட சாந்தியாகாது."

எதிரி கெஞ்சினால் கேட்டதற்கு நேர் எதிராகச் செய்வதில்தான் தரணீதரனுக்குப் பரம திருப்தி. "பழசுலயே முக்கு" என்றார்.

மகுடேஸ்வரனின் தலை டிரம்முக்குள் போனது. தோள்வரைக்கும் போனது. மொக்கைச்சாமி பிடரியில் முழு எடையையும் போட்டு அழுத்தினான். கால்கள் ஆகாயத்தில் சைக்கிள் ஓட்டின. நதியா சுருக்குக் கயிற்றையும் மறந்து "அண்ணாச்சி" என்று அலறினாள். கால்கள் மெதுவாகின. நின்றன. மொக்கைச்சாமி தலைமுடியைப் பிடித்து வெளியே எடுத்தான்.

மகுடேஸ்வரன் கண்ணைத் திறந்து, வாயிலிருந்த தண்ணீரை அவன் மூஞ்சியில் பீய்ச்சினார்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார்.

மொக்கைச்சாமி மறுபடி அழுத்தினான். மறுபடி எடுத்தான். "எங்கம்மா வைக்கற ரசத்துக்கு இது தேவலை" என்றார் மகுடேஸ்வரன். அவருடைய மீசையில் குட்டிக் குட்டியாக ஏதோ நெளிந்தது. கொசுப்புழுக்கள். நீந்திக் கொழுத்த கொசுப்புழுக்கள், மீசை முடிக்கு ஒன்றாக ஊஞ்சல் ஆடின.

வெள்ளிக்கிழமை அந்த டிரம்மிலிருந்து சிந்திய சொட்டை நக்கிய சாரைப்பாம்பு சுருண்டு செத்ததைத் தன் கண்ணால் பார்த்தவன் மொக்கைச்சாமி. இரண்டு தடவை முக்கியும் சாகாமல் மீசையில் புழு வளர்க்கிற மனிதனைப் பார்த்ததில்லை. ஏழடி அகலமும் ஆட்டம் கண்டது. "ஏய், நீ என்னய்யா ஆளு" என்று அவன் குழறிக்கொண்டு பின்வாங்கிய இடத்தில், வேனை விட்டு இறங்கக் கூடாது என்று செய்த சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டுத் தெய்வாத்தாள் நின்றிருந்தார். மாவுக்கட்டுக் கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அவன் தாடையில் இறக்கினார். கட்டு தூளாகப் பறந்தது. மிச்சமிருந்த பற்களில் பாதி அதன் பின்னால் பறந்தன. மொக்கைச்சாமி வேரோடு விழுந்தான். திகைத்துப்போன தோப்பு ஆளின் காலை நதியா குதிகாலால் மிதித்து, கழுத்துச் சுருக்கைக் கழற்றி, கீழே கிடந்த இளநீர்க் குலையை எடுத்து அவன் தலையில் குலையோடு இறக்கினாள். "எந்தக் காயி முதல்ல பொளந்ததுன்னு தெரியல" என்று பிற்பாடு சொன்னாள்.

தரணீதரன் அரிவாளை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடினார். "அவ இருந்தாத்தானே சாட்சி" என்று கத்திக்கொண்டே பூட்டைத் திறந்தார். மகுடேஸ்வரன் எட்டிப் பிடிப்பதற்குள் கதவைத் தள்ளினார்.

உள்ளிருந்து பானைதான் முதலில் வந்தது.

பொங்கி நுரைத்த பானை. தலைக்கு மேல் இரண்டு கைகளாலும் தூக்கி, கதவுக்குப் பின்னால் காத்திருந்த யாழினி அதைத் தரணீதரனின் சந்தன நெற்றியில் உடைத்தாள். ஓடு தெறித்தது. நெற்றி பிளந்தது. ரத்தமும் சர்க்கரைக் குழம்பும் கண்ணை மறைக்க, அரிவாளைக் காற்றில் வீசிக்கொண்டே அவர் பின்னால் தள்ளாடினார். ஒரு வீச்சு, இரண்டு வீச்சு. தென்னையில் கட்டியிருந்த கிளிப்பச்சைக் கீற்றின் தொங்கல் காலைச் சுற்றியது. மர நிழலில் இருந்த டிரம்முக்குள் தலைகுப்புறப் போனார்.

நதியா அந்த டிரம்மையும் சுவரோரத்து டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அந்த டிரம்முல புழு கெடக்கா?"

"இல்லை" என்றார் மகுடேஸ்வரன். "ஒண்ணுகூட இல்லை."

தரணீதரனை இழுத்து வெளியே போட்டார்கள். யாழினிக்கு முகம் ஒட்டிப்போயிருந்தது, மணிக்கட்டில் கயிறு அறுத்த ரத்தம். தாயைப் பார்த்தாள். தாயின் கையில் மாவுக்கட்டு இருந்த இடத்தைப் பார்த்தாள். தெய்வாத்தாள் நல்ல கையால் அவளைத் தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். "செவுத்தோட்டை வழியா டிரம்முல கிருமிய நீதானே ஊத்துனே?" என்றார்.

"வெள்ளிக்கெழமையே ஊத்திட்டேம்மா. என்னைக் கொல்றதுன்னா அதுலதான் முக்குவாங்கன்னு தெரியும். என்ற சாவு எனக்கு வர்றதுக்குள்ள அதைத் தின்னு முடிக்கட்டும்னு உட்டேன்." பிறகு தாயின் கையை விலக்கிவிட்டு ஓடிப் போய் மோட்டாரைப் போட்டாள். குழாயை இழுத்து வந்து தரணீதரனின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினாள். "சட்டையக் கழட்டுங்க. கண்ணைத் தேய்க்காதீங்க. வண்டியக் கிளப்புங்க யாராவது."

தரணீதரனின் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. வாயோரம் எச்சில் நூலாக வழிந்தது. அவர் யாழினியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, உன்ற கிருமிய ஊத்து. அது மருந்தைத் திங்குமில்ல. என் மேல ஊத்து கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஊத்தியாச்சுங்கண்ணா" என்றாள் யாழினி, தண்ணீரை நிறுத்தாமல். "முழுப் பானையும் உங்க மேலதான் இருக்குது. ஆனா அது தின்னு முடிக்க நாலு நாள் ஆகுமுங்க."